64 பிக்சலில் அப்பத்தா

மே 5, 2024, ஞாயிறு

இனி மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் அப்பத்தாவாகத்தான் விளையாடுவாளாம் மகள். ஸ்கின், அதாவது விளையாட்டு உருவத்தின் மேல் போர்த்தும் தட்டையான படம், செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். முதலில் கையில் கிடைத்த மாதிரிப் படம் 64-க்கு 32 பிக்சல் அளவு; 2014-இல் விளையாட்டின் 1.8 பதிப்பு வருவதற்கு முந்தைய வடிவம். அதில் ஒரு கைக்கும் ஒரு காலுக்கும்தான் இடம். மறுபக்கத்துக்கு விளையாட்டு அதையே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அம்மாவின் முந்தானை ஒரு தோளில் அல்லவா கிடக்கும்? அதை மூடிவிட்டு 64-க்கு 64 படத்தை எடுத்தேன். உருவம் மெலிந்த கை கொண்ட வகை. கையின் அகலம் 4-க்குப் பதில் 3 பிக்சல். அம்மாவின் கைக்கு அதுதான் சரி.

மே 7, செவ்வாய்

முகம் 8-க்கு 8. மொத்தம் 64 கட்டங்களுக்குள் அம்மாவைக் கொண்டுவர வேண்டும். படம் வரையும் மென்பொருளான ஜிம்ப்பில் பிரஷ்ஷை எடுத்தால் ஓரமெல்லாம் மங்கிப் பக்கத்துக் கட்டத்தில் கசிகிறது. பென்சிலுக்கு மாறி, அளவை 1 என்று வைத்த பிறகே கை நின்றது. நரைக்கு வெள்ளை ஒட்டவில்லை, சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் கலந்தேன். கண், புருவம், திருநீறு எல்லாம் வைத்தும் யாரோ ஒரு கிழவிதான் தெரிந்தாள். மூக்கின் ஓரத்தில் ஒரே ஒரு பிக்சல், வெளிர்மஞ்சளில் மூக்குத்தி வைத்தேன். அம்மா வந்துவிட்டார்.

மே 8, புதன்

இன்று முழுக்கச் சேலை. அரக்கு நிறக் கண்டாங்கி. ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் கோடு இழுத்தேன்; கட்டமாகத் தெரியாமல் கண்ணைக் கூசும் புள்ளிகளாகிவிட்டது. பிறகுதான் அளவுகளை உற்றுப் பார்த்தேன். உடம்பின் முன்பக்கம் 8, விலா 4, முதுகு 8, மறு விலா 4, உயரம் 12. எல்லாம் நான்கில் அடங்குகின்றன! நான்கு பிக்சலுக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டதும், ஒரு மூலையிலும் பிசகாமல் உடம்பைச் சுற்றி வந்து சேர்ந்துகொண்டது. தறியில் நூல் எண்ணுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

மே 11, சனி

நடக்கவிட்டால் சேலை கால்சட்டையாகிவிடுகிறது. கால் இரண்டும் தனித்தனிப் பெட்டிகள், அதற்கு வழியில்லை. ஆனால் கால் வீசும்போது நடுவில் தோல் நிறம் பளிச்சிட்டதை மாற்ற முடிந்தது. காலின் உட்பக்கங்களுக்கும் அரக்கு பூசி, கொசுவத்துக்கு இரண்டு இருண்ட கோடுகள் இழுத்தேன். கொண்டையைத் தலையின் மேலடுக்கில் வரைந்ததால் லேசாகப் புடைத்து நிற்கிறது. மகள் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

மே 12, ஞாயிறு

அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தவர், மூக்குத்தியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "முந்தானை வலது தோளில் கிடக்கிறதே, யாரப்பா இப்படிக் கட்டுவார்கள்?" என்றார்.

சரிதான். படத்தில் இடது ஓரமாக இருப்பது, எதிரே நிற்கிற உருவத்தின் வலது தோள். ஒரு வாரமாக நானும் மகளும் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்திருக்கிறோம், கண்ணில் படவே இல்லை.

முன்பக்கத்தையும் முதுகையும் தனித்தனியாகத் தெரிவுசெய்து இடவலமாகத் திருப்பினேன். விலாக்கள் இரண்டையும் திருப்பி இடம் மாற்றினேன். தோளில் வழியும் துணியை, படத்தின் கீழே இருக்கும் இடது கைக்குக் கொண்டுபோனேன். கோடுகள் மூலையில் ஒரு பிக்சல் விலகின. மறுபடி எண்ணி இழுக்க வேண்டியிருந்தது. இரவு பத்தரைக்குச் சேமித்து ஏற்றினேன். அம்மா தூங்கவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது இடது தோளில் கிடக்கிறது.