தண்ணீர்மலைக் காட்டின் ஆந்தைகள்

தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் காவடியோடும் பால்குடத்தோடும் திரளும் பினாங்குத் தண்ணீர்மலையின் பின்புறம், தாவரவியல் பூங்காவின் எல்லையில் தொடங்கி, கொடிமலை எனப்படும் பினாங்கு மலையின் 833 மீட்டர் உச்சிவரை தொடர்ந்து ஏறிச்செல்லும் காட்டில் ஆந்தைகள் வாழ்கின்றன. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் ஆந்தையைப் பற்றி வீட்டில் பேச்செடுப்பதில்லை; அதன் குரல் கேட்டால் யாருக்கோ சாவு நேரும் என்ற அச்சம் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு சேர்ந்தே இங்கு வந்து, பேரப்பிள்ளைகள் வரை நீடித்திருக்கிறது. ஊர்வாயில் மரத்தில் வாழும் கூகையிடம், சோறும் சுட்ட எலிக்கறியும் தருகிறோம், இன்றிரவு மட்டும் கத்தாதே என்று கெஞ்சும் தோழியை நம் பழம்பாடலில் காணும்போது, அச்சம் அன்றும் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் அந்தக் கூகையை அவள் அவ்வூரின் மரத்தோடு பழகிப்போன ஓர் உயிராகவே விளித்துப் பேசுகிறாள். எனக்கு அந்தப் பழக்கத்தின்மீதே பற்று.

ஆந்தையைக் காண இரவுதான் ஏற்ற நேரம் என்று பலர் கருதுகிறார்கள். என் அனுபவத்தில் காலைப்பொழுதே நல்லது, ஏனெனில் அப்போது ஆந்தை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க மற்றப் பறவைகள் விழித்திருக்கின்றன. பகலில் உறங்கும் ஓர் ஆந்தையைக் கரிச்சானோ கொண்டைக்குருவியோ கண்டுவிட்டால் போதும். அது ஓயாமல் கத்தும், அந்தக் கத்தலைக் கேட்டு வேறு இனப் பறவைகளும் வந்து சேரும், சிறிது நேரத்தில் ஒரே கிளையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பறவைகள் கூச்சலிட்டபடி பாய்ந்து பாய்ந்து விலகும். இரவில் தங்களையும் தங்கள் குஞ்சுகளையும் வேட்டையாடக்கூடிய ஒன்று அருகில் இருக்கிறது என்பதை ஒன்றுக்கொன்று அறிவித்து, அதை அவ்விடத்தைவிட்டு விரட்டும் முயற்சி அது. இந்தக் கூச்சலைப் பின்தொடர்ந்துதான் ஓடைக்கரையில் முதன்முதலாக ஒரு மீன் ஆந்தையைக் கண்டேன்.

அது ஓடையின்மேல் சாய்ந்திருந்த மரத்தின் நிழலில், அடிமரத்தை ஒட்டி அமர்ந்திருந்தது. ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம். பழுப்பு மஞ்சள் மார்பில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள். தலையின் இருபுறமும் கிடைமட்டமாகச் சாய்ந்த தூவிக் கொத்துகள். இறகு மூடாத, வெறுமையான நீண்ட கால்கள். தண்ணீரில் இறங்கி மீனையும் தவளையையும் நண்டையும் பிடிப்பதற்கு அத்தகைய கால்களே உகந்தவை, வழுக்கும் இரை நழுவாதபடி பாதத்தின் அடியில் சொரசொரப்பான முட்களும் இருக்கின்றன. கரிச்சான்கள் சலித்துப்போய்க் கலைந்த பிறகு, அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஆந்தையின் கண்கள் உருண்டையாக இல்லாமல் குழல் வடிவில் எலும்புக் குழியில் இறுக்கமாகப் பொருந்தியவை. அவற்றை நம்மைப்போல் பக்கவாட்டில் உருட்ட இயலாது. ஆகவே அது ஒன்றைப் பார்க்க விரும்பினால் முகம் முழுவதையும் அதை நோக்கித் திருப்பியாக வேண்டும். கழுத்தில் நமக்கு ஏழு எலும்புகள் இருக்க, அதற்குப் பதினான்கு. ஓரக்கண்ணால் பார்ப்பது என்பது ஆந்தைக்கு இல்லாத ஒன்று. அந்த மஞ்சள் கண்கள் இரண்டும் நேராக என்மீது நிலைத்தபோது, நான் எத்தகையவன் என்று முழுமையாக எடைபோடப்படுவதாக உணர்ந்தேன்.

நான் அசையவில்லை. மூச்சுகூடச் சற்று மெதுவாயிற்று. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்பது நினைவில் இல்லை, ஆனால் அதன் பிறகு நடந்தது தெளிவாக நினைவிருக்கிறது. ஆந்தை கண் சிமிட்டும்போது மேல் இமை கீழிறங்கும். உறங்கும்போதோ கீழ் இமை மேலேறி மூடும். முதலில் மேல் இமைகள் ஓரிரு முறை இறங்கி ஏறின. பிறகு கீழ் இமைகள் மெல்ல மேலேறின. அது உறங்கப்போய்விட்டது. என்னைக் கண்டு பறந்து ஓடாமல், நான் அங்கே நிற்கும்போதே, என்னால் தீங்கில்லை என்று தீர்மானித்துக் கண்களை மூடிக்கொண்டது. காட்டில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. புலியைக் கண்டவர்களும் யானையைக் கண்டவர்களும் சொல்லும் கதைகளில் பரபரப்பு உண்டு. ஒரு காட்டுயிர் நம்மைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்குவதில் இருப்பது வேறு வகை நிறைவு. அதை வெளியே சொல்லி ஆர்ப்பரிக்கத் தோன்றுவதில்லை, நாள் முழுவதும் உள்ளேயே இருந்து மனத்தை இலேசாக்குகிறது.

புள்ளிக் காட்டாந்தையை எனக்குக் காட்டியவர் மரங்களடியில் சருகு கூட்டும் ஓர் அக்கா. அதன் கண்கள் கரும்பழுப்பு, முகம் வெளிர் செம்மஞ்சள், தலையில் தூவிக்கொத்து கிடையாது. பகலில் பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் இணையாக உறங்கும். நான் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக் கிளை கிளையாகத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சருகுகளின்மேல் சுண்ணாம்பு தெறித்த மாதிரி எச்சம் கிடந்தது. அருகில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாம்பல்நிற உருண்டை. செரிக்காத எலும்பையும் மயிரையும் ஆந்தை வயிற்றிலேயே உருட்டி வாய்வழியாக வெளியேற்றுகிறது, அவ்வுருண்டையைப் பிரித்துப் பார்த்தால் எலியின் தாடையெலும்பு பல்லோடு கிடைக்கும். "மேல பாருங்க அண்ணே, இன்னைக்கு ரெண்டு பேரும் வந்துட்டாங்க" என்றார் அவர். பறவைகளை "பேர்" கணக்கில் எண்ணிய அந்த அன்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நேர்மேலே, கிளைப்பிரிவில், இரண்டும் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்திருந்தன.

அதே இணையில் ஒன்று பொழுது சாய்ந்தபின் என் தலைக்கு மேலாகப் பறந்து சென்றது. அவ்வளவு பெரிய சிறகுகள், ஆனாலும் ஓசையே இல்லை. சிறகின் முன்விளிம்பில் உள்ள சீப்புப்பற்கள் காற்றைச் சிறு சிறு இழைகளாகப் பிரித்துவிடுகின்றன. பின்விளிம்பின் குஞ்சமும் மேற்பரப்பின் மென்பட்டுப் படலமும் எஞ்சிய ஓசையை அடக்குகின்றன. எலியின் காதுக்கு எட்டாமல் நெருங்கவும், நெருங்கும்போதே எலியின் அசைவைத் தான் கேட்கவும் இந்த மௌனம் அதற்குத் தேவை. மீன் ஆந்தைக்கு இவ்வமைப்பு இல்லை, அது பறக்கும்போது சிறகோசை நன்றாகவே கேட்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் இரையிடம் ஓசையை மறைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களில் வாழும் வெண்ணிறக் கூகையின் கதை வேறு. தீபகற்ப மலேசியாவில் ஒரு காலத்தில் அது அரிய பறவை. ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை பரவியபோது, பழக்குலைகளைக் கடிக்கும் எலிகள் பெருகின, எலிகளைத் தேடிக் கூகைகள் பெருகின. பிறகு தோட்ட நிர்வாகங்களே கம்பங்களில் கூட்டுப்பெட்டிகளை நிறுத்தி அவற்றை வரவேற்றன. லயத்து வீட்டுக் கூரையில் கூகை அமர்ந்தால் கல்லெறிந்த என் தாய்மாமா, பின்னாளில் அப்பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையை விரும்பிச் செய்தார்.

இரவில் காட்டோரம் நின்றால் கேட்கும் குரல்களில் எனக்கு மிகவும் பிடித்தது கழுத்துப்பட்டைச் சிற்றாந்தையுடையது. ஒரு சாண் உயரமே உள்ள அப்பறவை, இறுதியில் சற்றே தாழும் ஒற்றை ஒலியை எழுப்பிவிட்டு நீண்ட இடைவெளி விடும். மீண்டும் அதே ஒலி, மீண்டும் இடைவெளி. கேட்பவர் பொறுமையாக இருந்தால் வேறொரு மூலையிலிருந்து மறுமொழி வரும்.

இப்போது சிலர் கைப்பேசியில் ஆந்தையின் குரலை ஒலிக்கவிட்டு அதை அருகே வரவழைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குரலைக் கேட்டு வரும் ஆந்தை, தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை புகுந்துவிட்டது என்றெண்ணி, வேட்டையையும் கூட்டையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. கண்ணுக்கு நேரே வெளிச்சம் பாய்ச்சுவதும் அவ்வாறே. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தையைப் பிடிப்பதையும் கொல்வதையும்தான் தடுக்க முடியும், அதன் இரவைக் காப்பது அதைப் பார்க்கச் செல்பவர்கள் கையில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய மரங்களின் கிளைகளில் கூடுபோல் விரிந்து வளரும் பெரணிச் செடிகளைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி வெட்டி எறிவதை அடிக்கடி காண்கிறேன். மீன் ஆந்தை தானாகக் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலும் அப்பெரணிகளின் நடுக்குழியில்தான் தன் ஒற்றை முட்டையை இடுகிறது. உங்கள் குடியிருப்பில் கிளை கழிக்க ஆள் வந்தால், பெரணியை விட்டுவைக்கும்படி கேளுங்கள்.

ஆந்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கும்போது நான் மலையின் பெயரைச் சொல்கிறேன், மரத்தைச் சொல்வதில்லை. வெயில் ஏறுவதற்குள் ஓடைக்கரைக்கு வாருங்கள். கரிச்சான்கள் எங்கே கத்துகின்றனவோ அந்தத் திசையில் மெதுவாக நடங்கள்.