விழுங்கும் நொடியில்

மார்ச் 4
இன்று மூன்றாவது முறை. முதல் இரண்டு கவளம் ஒன்றும் செய்யவில்லை. அடுத்தது சற்றுப் பெரியது. நெஞ்சுக்குள் இறங்கும்போதே கண் இருட்டியது. விழித்தபோது தரையில் கிடந்தேன். மகள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். புரையேறவில்லை, மூச்சும் அடைக்கவில்லை. விழுங்கினேன், விழுந்தேன்.

மார்ச் 9
படபடப்புதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார் மருத்துவர். படுத்தபடி எடுத்த ஈ.சி.ஜி.யில் குறையில்லை. விழுங்கும்போது எடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன், தேவையில்லை என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 17
வேறொரு இதய மருத்துவர். மானிட்டரைப் பொருத்திவிட்டு உண்ணச் சொன்னார். கைக்கெட்டும் தூரத்தில் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசி. 74 என்றிருந்த துடிப்பு ஒரு கவளத்தில் 36க்கு இறங்கியது. அடுத்ததில் 4 விநாடி துடிப்பே இல்லை. தாளில் அந்த நேர்கோட்டைப் பார்த்து மகள் அழுதாள். எனக்கோ பெரும் நிம்மதி: என் சொல்லுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

உணவுக்குழாய் விரியும் சேதி வேகஸ் நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகிறது. இதயத்தை மெதுவாக்கும் கட்டளை வருவதும் அதே நரம்பில்தான். எனக்கு அந்தக் கட்டளை அளவுமீறிப் பாய்கிறது. அரிதான கோளாறு என்றார். இரத்த அழுத்தத்துக்கு நான் எடுத்துவந்த பீட்டா பிளாக்கர் மாத்திரையும் துடிப்பைக் குறைப்பதுதான். அதை மாற்றிக் கொடுத்தார்.

மார்ச் 26
எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் சுருங்கியிருக்கவும் இல்லை, இரைப்பை மார்புக்குள் ஏறியிருக்கவும் இல்லை. இருந்திருந்தால் அதைச் சரிசெய்தே மயக்கத்தை நிறுத்தியிருக்கலாமாம். நல்ல முடிவைக் கேட்டு வருந்தியது இதுவே முதல்முறை.

ஏப்ரல் 2
மாத்திரையை மாற்றியும் போகவில்லை. குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு, கண் இருட்டியது. நாற்காலியில் சாய்ந்திருந்ததால் தப்பினேன். சிறு கவளமாக, நெடுநேரம் மென்று உண்கிறேன். 4 கிலோ குறைந்திருக்கிறேன். பசிக்கிறது, ஆனால் தட்டைக் கண்டதும் கை பின்வாங்குகிறது. மயங்கி விழுவதைவிட இந்தப் பயம்தான் என்னை அதிகம் வதைக்கிறது.

ஏப்ரல் 11
இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். நரம்பின் போக்கை அது மாற்றாது. துடிப்பு தளரும்போது அதுவே இதயத்தைத் துடிக்கவைக்கும்.

ஏப்ரல் 13
வீட்டில் முதல் உணவு. மகள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, தாங்கிப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே பெரிய கவளமாக எடுத்தேன். இறங்கியது. காத்திருந்தேன். அவள் முகம் தெளிவாகவே தெரிந்தது.

"மெதுவாக, அப்பா" என்றாள். அவள் தட்டில் உணவு தொடாமலே ஆறிப்போயிருந்தது.