ஸ்லாவிட் சைக்ஸ்: ஒரு குடும்பப் பெயரைத் தேடிப் போன அனுபவம்

என் கணவரின் குடும்பப் பெயர் சைக்ஸ். சென்னிமலையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால் "சைக்கிள் கம்பெனிக்காரங்களா?" என்று கேட்பார்கள். நாங்கள் இருக்கும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலோ அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவமனை வரவேற்பறையில் "மிஸ்டர் சைக்ஸ்" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மேற்கு யார்க்ஷயரின் இந்தப் பள்ளத்தாக்குகளில் அவ்வளவு சாதாரணமான பெயர் இது.

மகள் பிறந்தபோது அவளுக்கும் இந்தப் பெயரே அமைந்தது. நான் என் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நின்றுகொண்டேன். "நாங்க எப்பவுமே ஸ்லாவிட் சைக்ஸ்" என்பார் மாமனார். ஸ்லாவிட் என்பது கோல்ன் பள்ளத்தாக்கில் உள்ள ஊர். எழுதுவது ஸ்லேத்வெய்ட், உள்ளூரில் சொல்வது ஸ்லாவிட். எழுத்துப்படி உச்சரித்தால் வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும். அந்த 'எப்பவுமே' எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்று பார்க்கும் ஆசையில்தான் தேட ஆரம்பித்தேன். இங்கே இதே மாதிரி இறங்க நினைக்கும் சிலர் வழி கேட்டதால், நான் போன பாதையை எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. பழைய ஆங்கிலத்தில் 'சிக்' என்றால் சதுப்பு நிலத்தில் ஓடும் சின்ன ஓடை. இரண்டு நிலங்களுக்கு நடுவே எல்லையாக ஓடுகிற வாய்க்காலுக்கும் அதே சொல். அப்படி ஓர் ஓடைப் பக்கம் வீடு இருந்தவரை இடைக்கால ஆவணங்கள் 'டெல் சைக்' என்று குறிக்கின்றன, அதாவது ஓடைக்காரர். இந்தப் பகுதியின் பென்னைன் மலைச்சரிவில் ஓடைக்கா பஞ்சம்? அதனால் இந்தப் பெயர் பல இடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் முளைத்திருக்கும் என்றே வரலாற்று அறிஞர்கள் வெகுகாலம் நினைத்தார்கள்.

அதை அசைத்தவரும் ஒரு சைக்ஸ்தான். ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸ், தன் பெயரைக் கொண்ட ஆண்களைச் சும்மா பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, அவர்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தார். ஒய் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, குடும்பப் பெயர் போகும் அதே தடம். 2000இல் வெளியான முடிவின்படி, சோதித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் இருந்தது. அதே பகுதியில் வேறு பெயர் கொண்டவர்களிடம் அந்த வகை காணப்படவில்லை. ஆகவே இன்றிருக்கும் சைக்ஸ்களுக்கு மூலவர் ஒரே ஆளாக இருக்கலாம் என்றார். அப்படியானால் மீதிப் பாதி? சுமார் 700 ஆண்டுகளில் தலைமுறைக்கு 1.3 சதவீதம் என்ற அளவில் பெயர் ஒரு தடத்திலும் ரத்தம் வேறு தடத்திலும் போயிருந்தாலே இந்தக் கணக்கு வந்துவிடும் என்பது அவர் சொன்ன விளக்கம். படித்தபோது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது.

தேடல் எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். புகழ்பெற்ற மூதாதையைப் பிடித்து முன்னோக்கி வருகிறவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மரம் வளர்த்துவிடுகிறார்கள். சைக்ஸ் பெயரில் அந்த ஆசைக்கு இடம் நிறைய. 1916இல் மத்திய கிழக்கைக் கோடு போட்டுப் பிரித்த சைக்ஸ்–பிகோ ஒப்பந்தத்தின் மார்க் சைக்ஸ், கிழக்கு யார்க்ஷயரின் ஸ்லெட்மியர் மாளிகைக்காரர். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் பணம் குவித்துத் திரும்பி பாஸில்டன் பார்க் மாளிகையைக் கட்டிய பிரான்சிஸ் சைக்ஸ், இங்கே டியூஸ்பரி அருகே தார்ன்ஹில்லில் பிறந்தவர். மாமனார் வழியில் இப்படி யாரும் இல்லை. எல்லாரும் நெசவாளிகள், பிறகு மில் தொழிலாளிகள்.

பொதுவில் திறந்திருக்கும் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921. நூறு ஆண்டு முடிந்தபின் 2022 ஜனவரியில் திறந்தார்கள். 1931 ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன, 1941இல் போரால் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது. மாமனாரின் அப்பாவும் தாத்தாவும் இந்த இரண்டிலுமே கிடைத்துவிட்டார்கள். ஒரு வார இறுதிகூட முழுதாகத் தேவைப்படவில்லை. இந்த வேகத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 1881 கணக்கெடுப்பை, தன்னார்வலர்கள் படியெடுத்த புண்ணியத்தில், காசில்லாமல் தேடலாம். அதில் ஹடர்ஸ்ஃபீல்டு சுற்றுவட்டாரத்தைத் திறந்தால் திரை முழுக்க சைக்ஸ். மலைக்கு மேற்கே ஓல்டம் பஞ்சு மில்களுக்கும் இந்தப் பெயர் இறங்கியிருக்கிறது. நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் பிறந்தது அங்கேதான். தென் இங்கிலாந்துப் பக்கம் போகப் போகப் பெயர் மெலிந்துவிடும். அங்கே ஒரு சைக்ஸைத் தேடுவது லேசான வேலை. இங்கே ஒரே பெயர், ஒரே வயது, ஒரே தொழில் என்று மூன்று ஆட்கள் ஒரே தெருவில் இருப்பார்கள்.

ஊர்க்காரர்களுக்கே இது தொல்லையாக இருந்திருக்கிறது. அதனால் பேச்சில் குடும்பப் பெயரை விட்டுவிட்டு 'டாம் ஓ பில்ஸ்' என்பார்கள், பில்லின் மகன் டாம். பக்கத்து சாடில்வொர்த்தில் 1832இல் தந்தையும் மகனும் கொலையுண்ட மதுவிடுதி ஒன்று இருந்தது. அதன் பெயர்ப்பலகையில் இருந்தது மூர்காக், ஊர் சொன்னதோ 'பில்ஸ் ஓ ஜாக்ஸ்'. அப்பன் பெயரால் ஆளை அடையாளம் காட்டுவதை இங்கிலாந்துக்காரரிடம் விளக்கிச் சலித்த எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பதிவேடுகளை எழுதிய குமாஸ்தாக்கள் பெரும்பாலும் இந்த அழைப்புப் பெயர்களை விட்டுவிட்டார்கள்.

இனி சான்றிதழ்கள். இங்கிலாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் கணக்குத் திறந்து அட்டவணையில் தேடலாம், சில பவுண்டுகள் கட்டினால் பழைய பிறப்புப் பதிவின் படம் வரும். அந்த அட்டவணையில் குழந்தையின் தாயுடைய பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கிறது. வேறு இணையதளங்களில் இருக்கும் பழைய அச்சு அட்டவணையில் 1911க்கு முன்பு அது கிடையாது. இந்த ஒரு கட்டம்தான் பத்து சைக்ஸ் குழந்தைகளைப் பிரித்துக் காட்டும். சைக்ஸும் சைக்ஸும் கட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு, அங்கே இரண்டு கட்டத்திலும் சைக்ஸ் என்றே இருக்கும்.

மாமனாரின் கொள்ளுத்தாத்தா 1853இல் பிறந்தவர். அவர் வரிசையில் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. தகவல் விட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு அந்த அட்டவணையில் கோடுதான் விழும். பதிவின் படத்தை வாங்கினேன். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

ஆனால் அவருடைய திருமணச் சான்றிதழில் தந்தையின் பெயர் தெளிவாக இருந்தது, தொழில் நெசவாளர் என்று. இந்த முரண் சில வாரங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. 1861 கணக்கெடுப்பு அவிழ்த்துவிட்டது. ஏழு வயதுப் பையனாக ஒரு நெசவாளர் வீட்டில் இருக்கிறார். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் 'பேரன்'. திருமணத்தன்று தந்தை பெயர் கேட்டபோது தன்னை வளர்த்த தாத்தா பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலர் செய்ததுதான். தாயின் பெயர் கேட்கப்படவே இல்லை. இங்கிலாந்துத் திருமணப் பதிவில் தாய்க்கு இடம் வந்தது 2021 மே மாதத்தில்!

ஆக, என் மகளின் சைக்ஸ் பெயர் ஒரு பெண் வழியாக வந்தது. மாமனாரிடம் சொல்லுமுன் கணவரோடு நிறைய பேசினேன். மனிதர் எழுபது தாண்டியவர். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன் (அம்மாவுக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை), ஆனாலும் மாமனார் மாமனார்தான். கேட்டுவிட்டு, "வளர்த்தவர் நெசவாளர்தானே? சரி, டீ போடட்டுமா?" என்றார். யார்க்ஷயர்க்காரரிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மரபணுச் சோதனை செய்யலாம் என்றது அவரே. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பும் வேலைதான். அனுப்புமுன் என்னவெல்லாம் வரலாம் என்று முழுதாகச் சொன்னேன், தங்கைகளிடமும் பேசச் சொன்னேன். வந்தபின் மறைக்க முடியாது. அவருடைய ஒய் சைக்ஸ்களின் பெரிய கூட்டத்தோடு ஒட்டவில்லை. நெருங்கி ஒத்துப்போனவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் ஹர்ஸ்ட். அதுவும் ஹடர்ஸ்ஃபீல்டு வட்டாரத்துப் பழம்பெயர். 1853 குழந்தையின் நடுப்பெயரும் ஹர்ஸ்ட்! திருமணமாகாத தாய், குழந்தையின் அப்பா பெயரை நடுவில் செருகிவைப்பது அன்றைய வழக்கம். குடும்பப் பெயர்களை முன்பெயராக வைக்கும் பழக்கமும் இந்த வட்டாரத்தில் உண்டு என்பதால் நடுப்பெயர் மட்டும் போதாது. ஒய்யும் சேர்ந்து சொல்வதால் நம்புகிறேன். எந்த ஹர்ஸ்ட் என்பது வேறு விஷயம்.

அதன்பின் சைக்ஸ் பெயரைத் தாயின் வழியே, அந்தத் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தேன். கஷ்டம் இங்கேதான். 1841 கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். பிறந்த ஊரும் இருக்காது, இதே கவுன்டியா (நம் மாவட்டம் மாதிரி) இல்லையா என்பது மட்டும். 1851தான் ஊரைச் சொல்கிறது. 1837க்கு முன்னால் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளே கதி. 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையால் தொடங்கியவை. பல பக்கங்கள் எலிக்கும் ஈரத்துக்கும் போய்விட்டன. 1813க்குப் பிந்தியவை அச்சடித்த கட்டங்களில் இருப்பதால் படிக்க எளிது, வசிக்குமிடமும் தொழிலும் இருக்கும்.

எந்தத் தேவாலயம் என்பதிலும் சிக்கல். ஸ்லாவிட்டில் சிற்றாலயம் இருந்தாலும் அது ஹடர்ஸ்ஃபீல்டு பங்கை, அதாவது அந்த ஊர்த் தேவாலயத்தின் ஆளுகைப் பகுதியை, சேர்ந்தது. ஆற்றின் மறுகரையில் லிங்கார்ட்ஸ், அது ஆல்மண்ட்பரி பங்கு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு வீடுகளுக்கு இரண்டு பதிவேடுகள். போதாததற்கு மேலே போல் மூரில் பாப்டிஸ்ட் சபை. அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, ஆகவே பிறப்பைத்தான் குறித்துவைத்தார்கள். ஆங்கிலிக்கன் (அதாவது இங்கிலாந்துத் திருச்சபை) அல்லாத சபைகளின் பழைய ஏடுகள் இப்போது லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கும். நான் தேடியவரின் பிறப்பு சிற்றாலய ஏட்டில் இல்லை, போல் மூர் ஏட்டில்தான் இருந்தது.

பெயரை மட்டும் நம்பினால் நகர முடியாது என்று புரிந்தபின், வீட்டையும் தறியையும் பின்தொடர்ந்தேன். ஸ்லாவிட் நிலங்கள் டார்ட்மவுத் பிரபுவின் எஸ்டேட்டாக இருந்தன. எந்தக் குத்தகை எந்தக் குடும்பத்தின் கையில் தொடர்ந்தது என்று பார்த்தால், ஒரே பெயருள்ள மூன்று பேர் தனித்தனியே பிரிந்து நிற்பார்கள். 1858க்கு முந்தைய உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவானவை. யார்க்ஷயர் உயில்கள் யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, மின்னஞ்சலில் கேட்டாலே நகல் வரும். 1740களின் ஓர் உயிலில் மூத்த மகனுக்கு இரண்டு தறிகள், இளையவனுக்குத் துணி காயப்போடும் சட்டங்கள். தறி பிரிக்கும் சண்டையை என் அம்மா வீட்டிலேயே பார்த்தவள் நான், சிரித்துவிட்டேன். இந்தப் பக்கத்து நெசவாளர் வீடுகளின் மேல்மாடியில் வரிசையாகக் கல் சட்டமிட்ட ஜன்னல்கள் இருக்கும், தறிக்கு வெளிச்சம் வேண்டி. அப்படி ஒரு வீட்டை உயிலின் துணையோடு அடையாளம் கண்டோம். இப்போது அதில் வேறு யாரோ இருக்கிறார்கள், உள்ளே கேட்டுப் போகவில்லை.

1752க்கு முன் இன்னொரு கண்ணி. அன்றுவரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. பிப்ரவரி 1740 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1741. இது தெரியாமல் பெற்றோரின் திருமணத்துக்கு முன் மகனைப் பிறக்கவைத்த மரங்கள் இணையத்தில் ஏராளம். 1733க்கு முந்தைய நீதிமன்ற ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீனில். அந்த வாசலில்தான் இப்போது நிற்கிறேன். முதல் 'டெல் சைக்' வரை போவேன் என்று நினைக்கவில்லை.

1853 தாயைப் பற்றிய தேடல் மட்டும் தொடர்கிறது. 1844 சட்டத்துக்குப் பிறகு, திருமணமாகாத தாய் தானே நீதிபதிகள் முன் போய், குழந்தையின் அப்பாவிடம் வாரச் செலவுப் பணம் கேட்கலாம். அந்த வழக்குகள் உள்ளூர்ப் பத்திரிகையில் அடிக்கடி வந்தன. 1850இல் தொடங்கிய ஹடர்ஸ்ஃபீல்டு குரோனிக்கிள் இணையத்தில் இருக்கிறது. தேடுகருவி பழைய அச்சில் சைக்ஸைப் பல விதமாகத் தப்பாகப் படிப்பதால், வழக்குப் பத்திகளை வாரவாரமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு வருகிறேன். 1854 முடியப் போகிறது. ஹர்ஸ்ட் பெயரில் இருவர் அகப்பட்டார்கள், இரண்டு வழக்குமே குடித்துவிட்டுச் சண்டை போட்டது.