வாய்க்கால் கரைக்கும் தார்ச்சாலைக்கும் ஒரே சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டும் வழி ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து பெருந்துறை வரை தார்ச்சாலை. வாய்க்கால்மேட்டில் கீழ்பவானி வாய்க்காலின் கரையைப் பிடித்துச் சென்னிமலைப் பக்கம் போனால் செம்மண்ணும் ஜல்லியும் கலந்த தடம். நடுவே இரண்டு மூன்று இட்டேரிகள், அதாவது இருபுறமும் வேலி உள்ள ஒடுங்கிய மண் வழிகள். பிறகு சென்னிமலைச் சாலையில் ஏறித் தாரிலேயே வீடு திரும்ப வேண்டும். மண்ணில் ஓடும் தூரம் 17, 18 கிலோமீட்டரைத் தாண்டாது. கணக்குப் பார்த்தால் கால்பங்குதான். ஆனால் என் பழைய சைக்கிளை விற்க வைத்ததும், புதியதைத் தேர்ந்தெடுக்க நான்கு மாதம் அலைய வைத்ததும் அந்தக் கால்பங்குதான்.

பழையது பந்தய வகை ரோடு பைக். 25 மி.மீ. டயர், ரிம்மைப் பிடிக்கும் பிரேக், 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று. வாங்கும்போது மண் பாதையிலும் ஓட்டுவேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். தாராளமாக ஓட்டலாம் என்றார். முதல் மாதத்திலேயே வாய்க்கால் கரையில் ஒரு கல்லின் மேல் பின்சக்கரம் ஏறி இறங்கியதும் காற்று மொத்தமும் போய்விட்டது. ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பல் பதிந்தாற்போல அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள். கல்லுக்கும் ரிம்மின் விளிம்புக்கும் இடையில் ட்யூப் நசுங்கினால் இப்படித்தான் ஆகும். நசுங்காமல் இருக்கக் காற்றை இன்னும் ஏற்றினால், சக்கரம் ஒவ்வொரு ஜல்லிக்கும் துள்ளி, கை மரத்துப்போகும். குறைத்தால் மறுபடியும் நசுங்கும். 25 மி.மீ. டயரில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமே இல்லை.

அப்போதுதான் எங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், சைக்கிள் நினைவுக்கு வந்தது. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு இதே கரையில் அவர் பல வருடம் ஓட்டிய அந்தக் கறுப்புச் சைக்கிளின் டயர் 28 × 1½ அளவு. மில்லிமீட்டரில் சொன்னால் 40. மேல்நாடுகளில் இன்று ‘கிராவல் பைக்’ என்று தனி வகையாக விற்பவற்றின் டயர் அகலமும் பெரும்பாலும் இந்த 40-ஐச் சுற்றியே இருக்கிறது. இத்தாலியின் வெள்ளை மண் சாலைகளில் ஓடும் ஸ்ட்ராடே பியாங்கே பந்தயம் 2007-இல் தொடங்கி, கிராவலுக்கென்றே உலக சாம்பியன்ஷிப் 2022-இல் நடந்து, சைக்கிள் உலகம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் பால்காரரின் டயருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. (நம் ஊரில் ‘கிராவல்’ என்றால் லாரியில் வந்து இறங்கும் செம்மண்தான். கிராவல் பைக் வாங்கப் போகிறேன் என்றபோது வீட்டில், மண் எங்கே கொட்டப் போகிறாய் என்று கேட்டார்கள்.)

அகலமான டயர் தாரில் மெதுவாக ஓடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. கண்ணாடி போன்ற தளத்தில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். நம் தார்ச்சாலை அப்படிப்பட்டதல்ல. காற்றை இறுக ஏற்றிய ஒல்லி டயர், சாலையின் சிறு மேடு ஒவ்வொன்றிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. நாம் மிதித்த வலுவில் ஒரு பகுதி முன்னே போகாமல் அந்தக் குலுக்கலிலேயே கரைந்துவிடுகிறது. காற்று சற்றுக் குறைந்த அகல டயர் அதே மேட்டைத் தனக்குள் வாங்கி அமுங்கி விடுகிறது. தொழில்முறைப் பந்தய வீரர்களே 23 மி.மீ. டயரை விட்டுவிட்டு 28-க்கும் அதற்கு மேலும் போனதற்கு இதுதான் முக்கியக் காரணம். நான் இப்போது ஓட்டுவது 35. என் எடை 74 கிலோ; முன்னால் 42, பின்னால் 46 பி.எஸ்.ஐ. பெருந்துறைச் சாலையில் என் சராசரி வேகம் பழைய சைக்கிளில் இருந்ததைவிட மணிக்கு அரைக் கிலோமீட்டர்கூடக் குறையவில்லை.

ஆகவே தேடலை டயரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். டயரையோ, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டையோ, சீட்டையோ, ஹேண்டில்பாரையோ நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேமிலும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் டயருக்கு விட்டிருக்கும் இடத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. ‘ரோடு’, ‘எண்டூரன்ஸ்’, ‘ஆல் ரோடு’, ‘கிராவல்’ என்று நிறுவனங்கள் வைக்கும் பெயர்களெல்லாம் கிட்டத்தட்ட இந்த இடைவெளியின் அளவைத்தான் வேறு சொற்களில் சொல்கின்றன. பழைய பாணி ரிம் பிரேக் ரோடு பைக் 28-உடன் நின்றுவிடும். ஜயண்ட் கன்டெண்ட் ஏஆர் போன்ற ஆல் ரோடு வகையில் 38 வரை போகலாம். கிராவல் வகை 45-ஐயும் தாண்டும். என்னைப் போல முக்கால்பங்கு தாரில் ஓட்டுபவருக்கு நடு வகையே பொருந்தும் என்பது என் எண்ணம். பாதிக்கு மேல் மண் என்றால் தயங்காமல் கிராவல் வகைக்குப் போகலாம்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் 38-ஐ அப்படியே நம்பக் கூடாது. கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போனபோது பையில் ஆலன் கீ செட் ஒன்றைக் கொண்டுபோனேன். சைக்கிளில் 32 மி.மீ. டயர் போட்டிருந்தார்கள். பின்பக்கம் குனிந்து, டயரின் பக்கவாட்டுக்கும், பின்சக்கரத்தை ஒட்டி ஓடும் ஃப்ரேம் குழாயான செயின்ஸ்டேக்கும் இடையில் 6 மி.மீ. கீயை நுழைத்தேன், கொஞ்சம் ஆட்டத்தோடு போயிற்று. 8 மி.மீ. கீ போகவில்லை. இடைவெளியை ஒரு பக்கத்துக்கு 7 என்று வைத்துக்கொண்டால், 35 போடும்போது ஐந்தரை மீதி; 38 போட்டால் நான்குதான். காய்ந்த மண்ணுக்கு நான்கு போதும். ஈரச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு, அதில் ஒரு ஜல்லி ஒட்டிக்கொண்டு சுற்றினால் ஃப்ரேமின் பெயிண்டை அரம் போல் சீவிவிடும். ஆக, 38 என்று எழுதியிருந்த அந்த ஃப்ரேம் என் பாதைக்கு 35-தான். கடைப் பையன் நான் செய்வதை வேடிக்கை பார்த்துவிட்டு, அடுத்திருந்த சைக்கிளிலும் அளந்து பார்க்கச் சொன்னான்.

கியரில் பலரும் பார்க்கத் தவறுவது கீழ் எல்லை. பெரும்பாலான ரோடு பைக்குகளில் முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு செயின்ரிங்கும் (மிதிப் பக்கத்துப் பல்சக்கரம்), பின்னால் பெரிய பல்சக்கரம் 28 முதல் 34 வரையிலும் வருகின்றன. 34-க்கு 34 என்றால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று, 35 மி.மீ. டயரோடு சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.17 மீட்டர், நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 7.8 கிலோமீட்டர். தாரில் எந்த மேட்டுக்கும் இது போதும். உதிரி ஜல்லி கிடக்கும் செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்துதான் மிதிக்க வேண்டும். அதற்கு இன்னும் இலகுவான கியர் வேண்டும். கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ 2019-இல் கிராவலுக்கென்று கொண்டுவந்த ஜிஆர்எக்ஸ் வரிசையில் 46/30, 48/31 என்று சிறிய செயின்ரிங்குகள் இருப்பது இதற்காகத்தான். 30-க்கு 34 என்றால் அதே மிதிக்கு வேகம் 6.9-ஆகக் குறைகிறது. மேல் எல்லையில் இழப்பதோ ஒன்றுமில்லை: 46-க்கு 11-இல் நிமிடத்துக்கு 90 மிதித்தால் மணிக்கு 49 கிலோமீட்டர் வருகிறது, சமதளத்தில் அந்த வேகத்தை நான் கண்டதே இல்லை. என் வரவுசெலவுக்கு ஜிஆர்எக்ஸ் எட்டவில்லை. அதே ஷிமானோவின் விலை குறைந்த வரிசையான ஒன்பது கியர் சோரா, 50/34, பின்னால் 11-34 என்று அமைந்தது. வாய்க்கால் கரை சமதளம் என்பதால் குறையாகத் தெரியவில்லை; பர்கூர் மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பிரேக், ரிம்மைப் பிடிக்காமல் சக்கரத்தின் நடுவே உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ரிம்மில் மண் ஒட்டிய நிலையில் பிரேக்கைப் பிடிப்பது உப்புத்தாள் போட்டு ரிம்மைத் தேய்ப்பதற்குச் சமம். என் பழைய சைக்கிளின் பின் ரிம் அப்படித்தான் இரண்டு வருடத்தில் குழிவிழுந்தது. கம்பி இழுக்கும் கேபிளா, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கா என்பதுதான் கேள்வி. கேபிள் வகையை வழியிலேயே நின்று சரிசெய்துகொள்ளலாம் என்று நான் கேபிளை எடுத்தேன். திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடித்த அன்று, விரல்களை நீட்ட முடியாமல் நின்றபோது, ஹைட்ராலிக்குக்கு இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் சற்று உயர்ந்து, சக்கரங்களுக்கு இடையிலான தூரம் சற்று நீண்டிருந்தால் மண்ணில் ஹேண்டில் நிதானமாக இருக்கும். பந்தய ஃப்ரேமில் தலைக்குழாயின் (ஹேண்டிலைத் தாங்கும் முன்குழாய்) கோணம் 73 பாகையை ஒட்டியும், கிராவலில் 70, 71 என்று சாய்ந்தும் இருப்பதைப் பட்டியலில் பார்க்கலாம். உங்கள் உடம்புக்குச் சரியான அளவா என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: சீமைக் கருவேல முள். கரையோரம் வெட்டிப் போட்ட விளார் ஒன்று போதும். ட்யூப் இல்லாமல் உள்ளே பால் போன்ற திரவத்தை ஊற்றி ஓட்டும் ட்யூப்லெஸ் முறைக்கு நான் மாறியது இதனால்தான். போன மாதம் முன்டயரில் கட்டைவிரல் நீள முள் ஒன்று ஏறியிருந்தது. பிடுங்கியதும் சீறிக்கொண்டு வெள்ளை நுரை வந்தது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடத்துக்குள் சீறல் அடங்கி, ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சிறு பிசின் உருண்டை மிச்சம். குறை என்னவென்றால், நம் கோடையில் இந்தத் திரவம் இரண்டே மாதத்தில் உள்ளே காய்ந்து ரப்பர் தோலாகிவிடுகிறது, மறுபடி ஊற்றவேண்டும். ஆகவே சைக்கிள் வாங்கும்போதே ரிம் ட்யூப்லெஸுக்கு ஏற்றதா என்று கேட்டுவிடுங்கள்.

கிராமத்துச் சைக்கிள் கடை கைகொடுக்கும் என்றும் இருந்துவிட வேண்டாம். அங்கே தொங்கும் 28 × 1½ டயர் நம் ரிம்மில் உட்காராது. டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் அதற்கு 635 மி.மீ.; ரோடு, கிராவல் சைக்கிள்களின் 700சி ரிம்முக்கு 622. டயரின் பக்கவாட்டில் 35-622 என்று பொறித்திருப்பது இதுதான். பெரும்பாலும் வால்வும் வேறு. அவர்களுடைய பம்பு நேராகச் சேராது. ஒரு மாற்று ட்யூபும், சிறு பம்பும், வால்வுக்கான பித்தளை அடாப்டரும் என் சீட்டுப் பையில் எப்போதும் இருக்கும். ட்யூப்லெஸ் டயர் கிழிந்தால் அந்த ட்யூபைத்தான் உள்ளே போட்டு வீடு வந்து சேர வேண்டும்.

இவ்வளவு பார்த்து வாங்கிய சைக்கிளும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு பெய்த மழைக்கு மறுநாள் கரையில் ஏறினேன். இருநூறு மீட்டர் போவதற்குள் சக்கரம் இரண்டும் களிமண் வளையமாகி, ஐந்தரை மில்லிமீட்டர் இடைவெளி அடைத்து, உருட்டக்கூட முடியவில்லை. எதிரே மண்வெட்டியோடு வந்த லஸ்கர் (வாய்க்காலைக் கவனிக்கும் ஊழியர்) ஒருவர், “ஏனுங்க, இன்னைக்கு இந்தக் கரை வேண்டாமுங்க, ரோட்டுலயே போயிருங்க” என்றார். ஒரு குச்சியால் மண்ணை நோண்டி எடுத்துவிட்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்குத் திரும்பினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் முழுக்க டயரிலிருந்து மண் கட்டிகள் தெறித்து முதுகில் விழுந்துகொண்டே இருந்தன. அதற்குப் பிறகு சைக்கிள் வழக்கம் போல ஓடிற்று.