60 மீட்டர் ஒயரும் ஒரு கேட் லைட்டும்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து லைன்மேல் விழுந்தால் கரண்ட் வர மறுநாள் ஆகிவிடும். காட்டெருமை கேட் வரைக்கும் வந்து நிற்கிற இடம் அது. கேட்டில் 12 வோல்ட் விளக்கு ஒன்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வீட்டில் பேட்டரி. அங்கிருந்து கேட்டுக்கு 60 மீட்டர் ரெட்டை ஒயர், 0.75 சதுர மி.மீ. செம்பு. கேட்டில் பைக் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு. பல்பை மாட்டும் முன் ஒயர் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன்: 12.6 வோல்ட். பல்பை மாட்டினால் மங்கி மஞ்சளடித்து நிற்கிறது. மீட்டரில் 8.2. கழற்றினால் மறுபடி 12.6!

"பேட்டரி எறங்கிப்போச்சாட்டம் இருக்குது மாப்ள" என்றார் மாமா. எனக்கும் அதே சந்தேகம்தான். பல்பை எரியவிட்டு மேலே ஓடி பேட்டரி முனையில் அளந்தேன். 12.4 இருந்தது. அப்படியானால் 4.2 வோல்ட் வழியிலேயே தங்கிவிட்டது.

கேட்டில் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, வீட்டு முனையை பேட்டரியிலிருந்து கழற்றி, மீட்டரை 200 ஓமில் வைத்து அளந்தேன். 3.4 காட்டியது. மீட்டரின் அளக்கும் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் அதுவே 0.3 காட்டும். கழித்தால் ஒயருக்கு 3.1 ஓம். போக 60, வர 60, ஆக 120 மீட்டர் செம்பு. நான் இதுவரை படம் வரைந்தபோதெல்லாம் ஒயரை வெறும் கோடாகத்தான் போட்டிருக்கிறேன். அந்தக் கோடே கரண்ட்டைத் தடுக்கிற ஒரு ரெசிஸ்டர். பல்பு இழுத்த கரண்ட் ஏறக்குறைய 1.35 ஆம்பியர், அதை 3.1 ஓமால் பெருக்கினால் காணாமல் போன 4.2 வோல்ட் வந்துவிடுகிறது. பல்பு இல்லாதபோது மீட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம், அதனால் இழப்பும் பூஜ்யம். முழு வோல்ட் காட்டியது அதனால்தான். சுமை இல்லாமல் அளந்த வோல்ட்டை இனி நம்பமாட்டேன்.

தடித்த ஒயர் போடலாம், செலவு கட்டாது. கரண்ட்டைக் குறைப்பதுதான் வழி. ஒயரில் வீணாகும் வாட், கரண்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். கரண்ட் பாதியானால் இழப்பு கால்பங்கு. மேட்டூர் மின்நிலையத்திலிருந்து 230 கிலோவோல்ட் லைன்கள் கிளம்புவதும் இதே கணக்கில்தான்: வோல்ட் ஏறினால் அதே வாட்டுக்குக் கரண்ட் குறையும்.

பல்பை எடுத்துவிட்டு 1 வாட் வெள்ளை எல்இடி மூன்றை வரிசையாகக் கோத்தேன். ஒன்றுக்கு 3.2 வோல்ட் வீதம் 9.6. பேட்டரியின் 12.4-இல் மிச்சம் 2.8 வோல்ட். 0.3 ஆம்பியர் போதும் என்றால் மொத்தம் 9.3 ஓம் வேண்டும். அதில் 3 ஓமை ஒயரே கொடுத்துவிடுகிறது! 6.8 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன்: அதன் வளையங்கள் நீலம், சாம்பல், தங்கம், தங்கம். வெளிச்சம் பளிச்சென்று வந்தது. பத்து நிமிடத்தில் கருகல் வாடை. ரெசிஸ்டரின் பழுப்பு உடம்பு கறுத்து, நீல வளையம் எது சாம்பல் எது என்றே தெரியவில்லை. 0.28 ஆம்பியரில் அதற்குள் அரை வாட்டுக்கு மேல் சூடாகிறது. நான் போட்டது கால் வாட் மட்டுமே தாங்குவது. ஓம் கணக்குப் போட்டவன் வாட் கணக்குப் போடவில்லை. சேலத்துக்கு இறங்கிக் கடையில் கேட்டதும், "எத்தனை வாட்டுங்க தம்பி?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. 2 வாட் வாங்கிவந்தேன். எல்இடிகளை அலுமினியத் தகட்டில் ஒட்டினேன். இந்த சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூர் ஆலையில் அலுமினியமானது. அதே மலையில் அதே உலோகம் சூட்டை வாங்கிக்கொள்வதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஃபியூஸ் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பேட்டரி பக்கம் 5 ஆம்பியர் போட்டிருந்தேன். கேட்டில் ஷார்ட் ஆனால் எவ்வளவு ஓடும்? 12.4-ஐ 3.1-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். ஃபியூஸ் போகவே போகாது, கிட்டத்தட்ட 50 வாட் ஒயரிலேயே காய்ந்துகொண்டிருக்கும். அன்றைக்கே 1 ஆம்பியராக மாற்றினேன். நீளமான ஒயர் போடுகிறவர்கள் கடைசி முனையில் ஷார்ட் ஆனதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

விளக்கு இப்போது எரிகிறது. கேட்டுத் தாழ்ப்பாள் மாமாவுக்குத் திண்ணையிலிருந்தே தெரிகிறது. பாக்கி ஒன்று இருக்கிறது. சார்ஜர் ஓடும்போது பேட்டரி 13.8-க்கு ஏறும், அப்போது எல்இடியில் 0.4 ஆம்பியரைத் தாண்டிவிடும். அதன் எல்லை 0.35. எல்எம்317 ஐசியை வைத்துக் கரண்ட்டை நிலையாகப் பிடிக்கலாம். அதற்கே 3 வோல்ட் வரை வேண்டுமென்பதால் மூன்று எல்இடியை இரண்டாகக் குறைக்க வேண்டும். தன்னோடு சேர்த்த ரெசிஸ்டரில் அந்த ஐசி எப்போதும் 1.25 வோல்ட்டை நிறுத்தும்; அதை 3.9 ஓமால் வகுத்தால் 0.32 ஆம்பியர். ரெசிஸ்டர் வாங்கியாயிற்று, 1 வாட்.