விசா வேண்டாத ஊருக்கு விசா வாங்கிய கதை

பாஸ்போர்ட் உறையைப் பிரித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். எனக்கும் மனைவிக்கும் நார்வே விசா, போட்ட மூன்றாவது வாரமே கையில். அந்தப் பாயசம் வீண் என்று தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது.

நாங்கள் போக நினைத்தது லாங்இயர்பியன். ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் தலைநகர், 78 டிகிரி வடக்கு. நகரம் என்று சொன்னாலும் மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் இருந்தால் அதிகம். எங்கள் தெருவில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும்.

அந்த இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி, பெட்டியில் என்னென்ன வைப்பது என்று எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசா ஸ்டிக்கரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். "ஏனுங்க, இதுல எத்தனை என்ட்ரிங்கற இடத்துல 01னு போட்டிருக்கே. நாம ரெண்டு தடவை உள்ள வர்றோமுங்களே?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

விஷயம் இதுதான். நார்வே விசா என்பது ஷெங்கன் விசா, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கான விசா. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. 1920இல் போட்ட ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தை ஒட்டி, அங்கே போக எந்த நாட்டுக்காரனுக்கும் விசா வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே போகும் விமானங்கள் நார்வேயின் ஆஸ்லோவிலிருந்தும் ட்ரொம்சோவிலிருந்தும்தான் கிளம்புகின்றன. ஆஸ்லோவில் இறங்கினால் ஒரு நுழைவு. லாங்இயர்பியனுக்குப் போகும்போது வெளியேறியதாகப் பதிவு. திரும்பி நார்வே மண்ணில் கால் வைத்தால் இரண்டாவது நுழைவு. ஒரு நுழைவு விசாவோடு போனவனுக்கு, போகும் வழியில் கணக்கு முடிந்துவிடும். விசாவே கேட்காத ஊருக்குப் போய்வர, இரண்டு தடவை நுழையும் விசா வேண்டும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் எரிச்சல். விசாவுக்கு ஏற்பாடு செய்த டிராவல் ஏஜென்ட்டிடம் முதல் நாளே கேட்டேன். "அட விடுங்க சார், ஒரு டூர்தானே போறீங்க. சிங்கிள் போதும். மல்டிபிள் கேட்டா எதுக்குன்னு சந்தேகப்படுவாங்க" என்றார். இருபது வருஷ அனுபவம் என்று போர்டு மாட்டியிருக்கிறார், நமக்கென்ன தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆன்லைன் விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து, யாரைக் குறை சொல்ல?

அந்த முதல் விண்ணப்பமே லேசில் முடியவில்லை. கைரேகை கொடுக்க நேரில் வர வேண்டும் என்பதால் கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி கிளம்பி, சென்னையில் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு விசா மையத்தில் போய் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் காகிதங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி புரட்டினார். "பேங்க் ஸ்டேட்மென்ட்ல சீல் இல்லையே சார்." நெட் பேங்கிங்கில் இறக்கியது, எல்லாப் பக்கத்திலும் வங்கியின் பெயர் இருக்கிறது என்றேன். "சீல் இல்லாம குடுக்கறதுன்னா குடுங்க, ரிஜெக்ட் ஆனா நாங்க பொறுப்பில்ல." பக்கத்துத் தெருவில் அதே வங்கியின் கிளை இருந்தது. ஓடினேன். உங்கள் கணக்கு இருக்கும் கிளையில்தான் சீல் போடுவார்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரியே திரும்பி ரயில். அடுத்த வாரம் அதே ரயில், அதே லாட்ஜ், பதினெட்டுப் பக்கத்திலும் ஊதா சீல். அந்தப் பெண் சீலைப் பார்க்கக்கூட இல்லை, பக்கத்தை மட்டும் எண்ணினார்.

சரி, 01க்கு வருகிறேன். மறுநாள் விசா மையத்துக்குப் போன் போட்டேன். "நாங்க வாங்கி அனுப்பற ஆளுங்கதான் சார், முடிவு எங்க கையில இல்ல." ஏஜென்ட்டிடம் போனேன். "ஏர்போர்ட்ல இதையெல்லாம் யாரும் கவனிக்க மாட்டாங்க சார்" என்றார். ஒருவிதத்தில் அது உண்மை. வெளியே போகிறவனை யாரும் தடுக்கப்போவதில்லை. திரும்பி வரும்போதுதான் மாட்டுவோம். மைனஸ் இருபதில், கப்பலும் ஓடாத மார்ச் மாதத்தில், அந்த ஊரைவிட்டு வெளியே வர வேறு வழி கிடையாது.

கடைசியில் தெளிந்தது இவ்வளவுதான்: கொடுத்த ஸ்டிக்கரில் எண்ணைத் திருத்தித் தரமாட்டார்கள், புதிதாகவே விண்ணப்பிக்க வேண்டும். பழைய விசாவை ரத்து செய்யச் சம்மதம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். கட்டணம் ஆளுக்கு மறுபடியும் 90 யூரோ, எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஒரே ஆறுதல், ஷெங்கனுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதத்துக்குச் செல்லும் என்பதால் அது மட்டும் மிச்சம்.

இந்தத் தடவை ஏஜென்ட் கிடையாது. ஒவ்வொரு கட்டத்தையும் நானே நிரப்பினேன். கவரிங் லெட்டரில் முதல் வரியிலேயே போட்டேன்: ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் இரண்டு நுழைவு தேவை. கீழே தேதிவாரியாக, இந்த நாள் ஆஸ்லோ நுழைவு, இந்த நாள் வெளியேற்றம், இந்த நாள் ட்ரொம்சோவில் மறுநுழைவு, விமான எண்களோடு. போகிறவர்கள் இதை மட்டுமாவது காப்பியடித்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இம்முறை ஒரு பையன். "ஸ்வால்பார்ட்னா எந்த நாடு சார்?" என்று கேட்டான். நார்வே என்றேன். "அப்ப சிங்கிள் போதுமே" என்றான். பதில் பேசாமல் கவரிங் லெட்டரை மேலே எடுத்து வைத்தேன்.

அதன்பின் ஐந்து வாரம் பாஸ்போர்ட் வரவில்லை. விமான டிக்கெட் பணம் திரும்ப வராத வகை. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது கூரியர் வந்தது. உறையை மனைவிதான் பிரித்தாள். 02. பாயசம் வைக்கவில்லை.

இத்தனை அமளியில் வேறொன்றைக் கோட்டைவிட்டேன். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் அந்த ஊருக்குள் மறுபடி எட்டிப் பார்ப்பது மார்ச் 8 வாக்கில். பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் ஊரே கூடி நின்று சூரியனைக் கூப்பிடும், ஒரு வாரம் கொண்டாட்டம். விசா கையில் இல்லாமல் அறை போட பயந்து தள்ளிப்போட்டேன், அந்த வாரத்துக்கு ஓர் அறைகூட மிஞ்சவில்லை. 11ஆம் தேதிதான் போய் இறங்கினோம். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக முன்கூட்டியே போட்டுவைப்பதுதான் புத்தி.

இன்னொன்று, இன்சூரன்ஸ். விசாவுக்கு முப்பதாயிரம் யூரோ காப்பீடு போதும். ஆனால் பனியில் தேடி மீட்கும் செலவு அதில் வருமா என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பாலிசியில் ஸ்னோ ஸ்கூட்டரே விலக்குப் பட்டியலில் இருந்தது. கூடக் கட்டிச் சேர்த்தோம்.

பயணம் நன்றாகவே போனது. ஊர் எல்லையில் வெள்ளைக் கரடி படம் போட்ட பலகை. அதைத் தாண்டிப் போவதானால் கரடியை விரட்டும் சாதனம் வேண்டும், எங்களைப் போன்றவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டிதான் கதி. விடுதி வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், சுரங்கத் தொழிலாளிகள் கரித்தூசியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வந்த பழக்கமாம். நம்ம வீடு மாதிரி இருந்தது. போனை வெளிப்பையில் வைத்தால் அறுபது சதவீத சார்ஜ் கண்முன்னே செத்துப்போகும். பனியனுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

திரும்பும்போது ட்ரொம்சோவில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். அதிகாரி என் பாஸ்போர்ட்டில் ரத்தான 01ஐயும் அடுத்த பக்கத்து 02ஐயும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இரண்டு என்று கேட்டார். "ஸ்வால்பார்ட்" என்றேன். உதட்டோரம் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். பின்னால் நின்ற மனைவி, "நல்லா விழுந்துச்சுங்களா, பாருங்க" என்றாள்.

ஊர் வந்த மறுநாள் ஏஜென்ட் போன் செய்தார். "டூர் நல்லா இருந்துச்சுங்களா சார்? ஒரு போட்டோ அனுப்புங்க, ஸ்டேட்டஸ்ல போடணும்." அந்த 02ஐப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. இன்னும் பதில் இல்லை.