செம்பனைக்கு நடுவே கோப்பி வாசம்: பந்திங் போய்வந்தோம்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்ளிமா காராங் தாண்டியதும் அம்மாவின் பேச்சு குறைந்துவிடும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வெளியே எனக்குத் தெரிவது செம்பனை, தொழிற்சாலை, மறுபடியும் செம்பனை. அவருக்கோ எந்தத் திருப்பத்தில் எந்தத் தோட்டம், எந்த மரத்தடியில் முனியாண்டி கோயில், எந்த வரிசையில் யார் வீடு என்று எல்லாமே தெரியும். அம்மா பிறந்து வளர்ந்தது கோல லங்காட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அந்த லயம் இப்போது இல்லை.

போன சனிக்கிழமை நாங்கள் கிளம்பியது கோப்பி குடிக்க. "கோப்பிக்காக இவ்ளோ தூரமா? வீட்டுல இல்லாத கோப்பியா?" என்று காரில் ஏறும்போதே கேட்டார். பந்திங்கில் நம் தம்பி ஒருவர் உள்ளூர்க் கொட்டையை வாங்கி, தானே வறுத்து, தானே ஊற்றிக் கொடுக்கிறார் என்று தோழி ஒருத்தி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அம்மாவை அழைத்துப் போனதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டவுனில் பசியாறினோம். தோசை, சாம்பார், வழக்கமான கோப்பி ஓ. துணிப்பையில் வடித்து, அடியில் சீனி தங்க, கறுகறுவென்று வரும் அந்தக் கோப்பியை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். என் அப்பா காலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகுமுன் குடித்தது அதைத்தான். எனாமல் கோப்பையில் ரொட்டியை நனைத்து நான் தின்றதும் அதில்தான். கொட்டையை நன்றாகக் கருக்க வறுத்து, கடைசியில் சீனியும் மார்ஜரினும் போட்டுப் புரட்டி, பாகு இறுகியதும் உடைத்து அரைத்த தூள் அது. கொட்டை சுமாராக இருந்தாலும் அந்தப் பாகு காப்பாற்றிவிடும். நல்ல கொட்டையாக இருந்தாலும் அதே பாகு மூடிவிடும். இந்த இரண்டாவது விஷயம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தம்பியின் கடை ஒரு பழைய கடைவீட்டில் இருக்கிறது. ஐந்து மேசை, பின்பக்கம் சின்ன வறுக்கும் இயந்திரம், சுவரில் மாமியாரோ பாட்டியோ வைத்திருந்திருக்கக்கூடிய ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு கோப்பை பதினான்கு வெள்ளி. விலைப்பலகையைப் பார்த்துவிட்டு அம்மா என் கையைக் கிள்ளினார். "உட்காருங்க ஆண்டி, முதல் கோப்பை என் கணக்கு" என்றார் தம்பி. கொட்டைப் பையைத் திறந்து அம்மாவின் மூக்கருகே நீட்டினார்.

அம்மா முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "பலாப்பழம் அறுத்த வீடு மாதிரி இருக்கே."

தம்பிக்கு வாயெல்லாம் பல். அந்தக் கொட்டையின் அடையாளமே அதுதான். அது லைபெரிக்கா. உலகத்தில் குடிக்கப்படும் கோப்பியில் பெரும்பங்கு அராபிக்கா, மிச்சத்தில் பெரும்பகுதி ரொபஸ்டா. லைபெரிக்காவின் பங்கு நூற்றில் இரண்டுகூட வராது. ஆனால் தீபகற்ப மலேசியாவில் கோப்பி மரம் என்றால் பெரும்பாலும் அதுதான். அராபிக்கா குளிர்ந்த மலையைக் கேட்கும். லைபெரிக்கா கடலோரத் தாழ்நிலத்திலும், நம் சூட்டிலும் ஈரத்திலும், கரிமண்ணிலும்கூட வளரும். பந்திங் போல கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கும் ஊருக்கு அது பொருந்திப்போனது அதனால்தான்.

பதினைந்து கிராம் தூள், தொண்ணூற்றிரண்டு பாகை வெந்நீர். முதலில் கொஞ்சம் ஊற்றி அரை நிமிடம் ஊறவிட்டு, பிறகு மெல்லிய தாரையாக வட்டமாக ஊற்றினார். கோப்பை கைக்கு வந்தபோது நிறம் கோப்பி ஓ மாதிரியே இல்லை, வரகாப்பிக்கும் தேநீருக்கும் இடையில் இருந்தது. சூட்டில் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்து நிமிடம் ஆறவிட்டபின் பலாச்சுளை, கொஞ்சம் வெல்லம், நாக்கின் ஓரத்தில் நன்றாகப் பழுத்த வாழைப்பழம். புளிப்பு மிகக் குறைவு. வாயில் கனமாக நின்றது. கோலாலம்பூரில் எத்தியோப்பியக் கொட்டையைக் குடித்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம நாக்குக்கு ஒட்டல' என்று நினைத்த நாள்கள் உண்டு. இது ஒட்டியது.

இப்போது அம்மாவை அழைத்து வந்த காரணம். எங்கள் குடும்பத்தில் அம்மாவின் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'கோப்பிக்காட்டுக்கு வந்தவரு' என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் இது ஏதோ வாய்தவறிச் சொல்வது என்று நினைத்தேன். நாமெல்லாம் ரப்பருக்கு வந்தவர்கள்தானே! பால்மரம், மங்கு, ஒட்டுப்பால், கங்காணி, இதுதானே நம் கதை? பிறகு படிக்கப் படிக்கத்தான் விளங்கியது, அந்தக் கிழவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் பிடித்தது. சில வருடங்களில் அராபிக்கா மரங்கள் அங்கே ஒழிந்தன, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. நோயைத் தாங்கும் என்ற நம்பிக்கையில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபெரிக்கா 1870களில் ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலங்கையில் கைசுட்டுக்கொண்ட துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் காடழித்து இந்த மரத்தை நட்டார்கள். வேலைக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 1890களின் கடைசியில் பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்ததும் விலை சரிந்தது. இங்கே இலையைத் தின்னும் புழுவும் சேர்ந்துகொண்டது. அதே காலத்தில்தான் ரப்பருக்குக் கிராக்கி தொடங்கியது. கோப்பி நிரைகளுக்கு இடையிலேயே ரப்பர் கன்றை நட்டார்கள். ரப்பர் வளர்ந்து நிழல் கட்டியதும் கோப்பியைப் பிடுங்கி எறிந்தார்கள். ஆள்கள் அதே ஆள்கள், கையில் இருந்த கருவி மட்டும் மாறியது. பிறகு 1917இல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனை நட்டதிலிருந்து இன்னொரு மாற்றம் தொடங்கியது. அதன் முடிவைத்தான் இன்று இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கிறோம்.

பிடுங்கி எறிந்தாலும் கோப்பி முழுசாகப் போகவில்லை. லயத்துப் பின்கட்டில் ஒரு மரம் நின்றது என்கிறார் அம்மா. பழத்தைப் பறித்து, தோலை வாயாலேயே பிதுக்கி, கொட்டையைச் சாக்கில் காயவைத்து, உரலில் குத்தி, இரும்புச் சட்டியில் வறுப்பாராம் பாட்டி. கடையில் கோப்பித்தூள் வாங்கக் காசில்லாத மாதங்களில் அதுதான் வீட்டுக் கோப்பி. "அப்போ இது ஏழைங்க கோப்பி" என்றார் தம்பியிடம். அவர் அதை ரொம்ப நேரம் யோசித்தார். பதில் சொல்லவில்லை.

மதியம் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தோட்டம் என்றால் பெரிய எஸ்டேட் இல்லை, டவுனுக்கு வெளியே ஜாவா வம்சத்துப் பாக்சிக் (மலாயில் மாமா என்று மரியாதையாக அழைப்பது) ஒருவரின் தென்னந்தோப்பு. தென்னைக்கு அடியில் கோப்பி. இந்தக் கடலோரத்தில் பழைய முறை அது. வெட்டாமல் விட்டால் லைபெரிக்கா பெருமரமாகப் போய்விடும், ஆகவே ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கவாத்து பண்ணி வைத்திருக்கிறார். இலை என் உள்ளங்கையை விட இரண்டு மடங்கு. பழம் நெல்லிக்காய்க்குக் கொஞ்சம் சிறியது, தடித்த தோல். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் ஒன்றாக நிற்கிறது. பூத்துப் பழுக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம். இங்கே மழை வருடமெல்லாம் இருப்பதால் பூவும் பழமும் வருடமெல்லாம் உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பறிப்பு.

பாக்சிக் முன்பெல்லாம் கொத்தோடு உருவி மூட்டை கட்டி வியாபாரிக்குப் போடுவாராம். பச்சைக்கும் சிவப்புக்கும் ஒரே விலை. அப்படியானால் சிவப்பை மட்டும் தேடிப் பறிக்க யாருக்குக் கை வரும்? தம்பி வந்து, சிவப்பு மட்டும் கொடுங்கள், கிலோவுக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தருகிறேன் என்றார். சந்தேகத்தோடுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கச் சுமார் பத்து கிலோ லைபெரிக்காப் பழம் வேண்டும். அராபிக்காவுக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். அதனால்தான் இந்தக் கோப்பையின் விலை அப்படி. பதினான்கு வெள்ளிக்கு அம்மா கிள்ளியதற்கான பதில் அந்த மரத்தடியில் கிடைத்தது.

அம்மா கேட்காமலேயே பறிக்க ஆரம்பித்துவிட்டார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒரு திருகு, காம்பு கிளையிலேயே நிற்கப் பழம் மட்டும் கையில். பக்கத்துப் பச்சைக்காய் அசையவில்லை. முப்பது வருடம் பால் வெட்டிய கை அது. பட்டையை மயிரிழை அளவு சீவ வேண்டும், ஆழம் போனால் மரம் காயமாகும், மேலோடு போனால் பால் வராது. நல்ல கோப்பிக்கு வேண்டிய பொறுமை இந்த ஊர்க் கைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு யாரும் விலை வைத்ததில்லை, அவ்வளவுதான். பாக்சிக் மலாயில் அம்மாவிடம், "ஏற்கெனவே செய்த வேலை போலிருக்கிறதே" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே பறித்தார்.

பறித்த பழத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குகிறார்கள். சிலதை முழுப்பழமாகவே காயவைக்கிறார்கள், சிலதைக் காற்றுப் புகாத நீலப் பீப்பாயில் மூடிப் புளிக்கவிட்டுப் பிறகு காயவைக்கிறார்கள். பீப்பாய் மூடியில் உள்ளிருக்கும் வாயு வெளியேற மட்டும் ஒரு சின்ன வால்வு. காயவைப்பதுதான் இந்த ஊரில் பெரிய பாடு. பிற்பகல் மூன்று மணிக்கு மழை வந்துவிடும், பழச்சதையோ கெட்டியாய் ஒட்டும் பிசின். பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகையில், தரைக்கு மேலே வலைத்தட்டில் பரப்பி, ஒரு நாளைக்குப் பலமுறை கிண்டிக் கொடுக்கிறார்கள். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே வர மூன்று நாலு வாரம். பூஞ்சை பிடித்து இரண்டு தட்டு முழுக்கப் போனதைப் பற்றித் தம்பி சொன்னபோது குரல் இறங்கியது.

திரும்பும் வழியில் வெளியுலகக் கோப்பி வியாபாரத்தைப் பற்றிக் கேட்டேன். பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் வறட்சி என்று வந்து, 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிக்கா முதல்முறையாக ஒரு பவுண்டு நாலு அமெரிக்க டாலரைத் தாண்டியது. இறக்குமதிக் கொட்டையை நம்பிய கடைகள் திணறியபோதுதான் பக்கத்துத் தோப்பை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்றார். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்களும் இப்போது லைபெரிக்காவைத்தான் கவனிக்கிறார்கள், சூடு கூடும் உலகத்தில் தாழ்நிலத்தில் நிற்கக்கூடிய மரம் என்பதால். இதுவரை ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் மூன்று தனி இனங்கள், எக்செல்சா அதில் ஒன்று, என்று 2025இல் மரபணுவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே எது வளரும் என்று தேர்ந்து நட இது உதவும்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை. காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அமலாவது தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஏழு பொருள்களில் கோப்பி, ரப்பர், செம்பனை எண்ணெய் மூன்றும் உண்டு. எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறை உழைப்பு ஒரே காகிதத்தில்! 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அழித்த நிலமா என்று பார்ப்பார்கள். எந்த நிலத்தில் விளைந்தது என்று வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும். பாக்சிக் போன்றவர்களுக்கு நிலம் பழசு, அதனால் பயமில்லை. அந்தக் குறிப்பெடுக்கும் வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி. தம்பி தன் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு மரவரிசையையும் குறித்து வைத்திருக்கிறார். இதை எல்லாச் சிறு தோட்டக்காரர்களுக்கும் விவசாய இலாகாவோ கூட்டுறவோ செய்து கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தனியாள் தோளில் அது நிற்காது.

இருநூறு கிராம் வாங்கி வந்தோம். பால் ஊற்றாமல் குடியுங்கள் ஆண்டி என்று தம்பி இரண்டு தடவை சொன்னார். ஞாயிறு காலை எழுந்து பார்க்கிறேன், அம்மா பழைய துணிப்பையில் அதை வடித்து, டின்பால் கலந்து, அப்பா படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை வைத்துவிட்டுத் தானும் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். பாலுக்கு மேலே பலா வாசம் தெளிவாக நின்றது. தம்பிக்குச் செய்தி அனுப்பிச் சொன்னேன், பால் தாங்குது தம்பி என்று.

அடுத்த பறிப்பு இன்னும் இரண்டு வாரத்தில். அம்மா பெட்டியைக் குடைந்து, தோட்டத்தில் தலையில் கட்டிக்கொள்ளும் துணியைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.